தோற்ற பிரான்ஸுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்தது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் கூடினார்கள். பிரான்ஸுக்கு அழைப்பே இல்லை. ஆனாலும் அந்த மாநாட்டில்தான் ஜெர்மனியில் பிரான்ஸுக்கு ஒரு ஆக்கிரமிப்பு மண்டலம் தருவது என்று முடிவானது. இதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: 1940-இல் ஆறே வாரத்தில் தோற்றுப்போன நாடு பிரான்ஸ். ஐந்து வருடம் கழித்து அதே நாடு ஜெர்மனியை ஆண்ட நால்வரில் ஒருவராக உட்கார்ந்தது. இரக்கப்பட்டுக் கொடுத்த இடமா அது? (சேலம் வாசகர்)

ப: இரக்கத்துக்கு இதில் இடமே இல்லை. சர்ச்சிலின் கவலைதான் முதல் காரணம். போர் முடிந்த பின் அமெரிக்கப் படை இரண்டு வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் இருக்காது என்று ரூஸ்வெல்ட் யால்டாவில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அப்படியானால் ஒரு பக்கம் தோற்ற ஜெர்மனி, மறுபக்கம் ரஷ்யாவின் செஞ்சேனை, நடுவில் பிரிட்டன் மட்டும். பிரிட்டனிடமோ ஆளே தீர்ந்துகொண்டிருந்தது. 1944-இலேயே சில டிவிஷன்களை (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகள்) கலைத்து, அந்த வீரர்களை வைத்துத்தான் மற்ற டிவிஷன்களின் குறையை நிரப்பினார்கள். ஒரு ஊரில் பிரெஞ்சுப் படை காவல் நின்றால் அந்த அளவுக்குப் பிரிட்டிஷ் வீரர்கள் வீடு திரும்பலாம். சர்ச்சில் போட்ட கணக்கு இதுதான்.

ஸ்டாலின் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: பிரான்ஸுக்குத் தருவதாக இருந்தால் உங்கள் இருவர் பங்கிலிருந்தே தாருங்கள், என் பங்கைத் தொடக்கூடாது. அடுத்து, ஜெர்மனியைக் கூட்டாக ஆளும் கட்டுப்பாட்டுக் கவுன்சிலில் நாற்காலி. அதை ரூஸ்வெல்ட்டும் முதலில் எதிர்த்தார், ஸ்டாலினும் எதிர்த்தார். பிப்ரவரி 10-ஆம் தேதி ரூஸ்வெல்ட் மனதை மாற்றிக்கொண்டார். அவர் மாறியதும் ஸ்டாலினும் விட்டுக்கொடுத்தார்.

இந்தக் கதையைப் படிக்கும்போது நான்கு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: அங்கீகாரம், ஆயுதம், நிலம், நாற்காலி. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வரவில்லை. ஆயுதம் 1943-இலேயே வரத் தொடங்கிவிட்டது. அரசு என்ற அங்கீகாரம் 1944 அக்டோபர் 23-இல்தான் கிடைத்தது. நாற்காலி உறுதியானது 1945 ஜூன் 5-இல். ஜெர்மனியின் ஆட்சியதிகாரத்தை நான்கு நாடுகளும் ஏற்கும் பெர்லின் பிரகடனத்தில் பிரான்ஸுக்காக ஜெனரல் டி லாத்ர் அன்றுதான் கையெழுத்திட்டார். நிலத்தின் எல்லை காகிதத்தில் ஏறியதோ ஜூலை 26-இல். ஒவ்வொரு பூட்டின் சாவியும் வேறு வேறு கையில் இருந்தது.

கே: விடுதலையான பிரான்ஸையே நேச நாட்டு ராணுவம் ஆளப்போவதாக இருந்ததாமே, உண்மையா? (மதுரை வாசகி)

ப: திட்டம் இருந்தது உண்மை. 1943-இல் இத்தாலியில் நேச நாட்டு ராணுவ நிர்வாகம் நடந்தது. பிரான்ஸிலும் அதையே செய்யலாம் என்று வாஷிங்டனில் பலர் நினைத்தார்கள். 1940 தோல்விக்குப் பின்னும் வெளிநாட்டிலிருந்து போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி டி கோல். தேர்தலில் வென்று வராத அவரை அரசுத் தலைவராக ஏற்க ரூஸ்வெல்ட்டுக்கு மனமில்லை.

இந்த மோதலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரர்களின் பாக்கெட்டில் இருந்த பண நோட்டைப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் அச்சான பிராங்க் நோட்டு அது. ஒரு பக்கம் 'பிரான்ஸில் வெளியிடப்பட்டது' என்று மட்டும் இருக்கும். பின்பக்கம் மூவர்ணக் கொடி. யார் வெளியிட்டது, எந்த வங்கி, எந்த அரசு என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அடுத்தவன் அச்சடித்த பணம் ஒரு நாட்டுக் கடைத்தெருவில் செல்லுமானால் அந்த நாட்டுக்குச் சொந்த அரசு இல்லை என்று ஆகிவிடும். டி கோல் அதைக் கள்ளப்பணம் என்றே கண்டித்தார்.

அவர் பதிலுக்குச் செய்தது எளிமையானது, பயனுள்ளது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆணையர் யார் என்பதை முன்கூட்டியே ரகசியமாக முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஜூன் 14-இல் டி கோல் பாயூ நகரத்துக்கு வந்து, மக்கள் முன் பேசி, சில மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். ஆனால் பிரான்சுவா கூலே என்பவரை ஆணையராக அங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு வைத்திருந்த துணை ஆட்சியருக்குப் பதிலாகப் புதியவர் வந்தார். போலீஸுக்குச் சம்பளம் யார் கொடுப்பது, ரேஷன் அட்டையில் யார் கையெழுத்துப் போடுவது, ரயில் ஓடுமா என்று கேட்டுக்கொண்டு வந்த நேச நாட்டு அதிகாரிகள், நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து வேலை பார்ப்பதைக் கண்டார்கள். போர்முனையில் இருக்கும் தளபதிக்கு அதுவே வசதி. பின்னால் அமைதியாக இருந்தால் போதும் அவருக்கு. நான்கு மாதம் இப்படி ஓடிய பிறகு மூன்று வல்லரசுகளும் ஒரே நாளில் டி கோலின் தற்காலிக அரசை அங்கீகரித்தன. நிர்வாகம் நடந்துகொண்டிருந்ததால் அங்கீகாரம் வந்தது. அங்கீகாரம் வரட்டும் என்று காத்திருந்தால் அது எப்போது வந்திருக்குமோ.

கே: தோற்ற ராணுவத்தை மறுபடி கட்டியது எப்படி? எத்தனை டிவிஷன், யார் செலவு? (ஓய்வுபெற்ற படைவீரர், வேலூர்)

ப: செலவும் தளவாடமும் பெரும்பாலும் அமெரிக்காவுடையவை. 1943 ஜனவரியில் காசாபிளாங்கா மாநாட்டின்போது 11 டிவிஷன்களுக்குத் தளவாடம் தருவதாகப் பேச்சு. கடைசியில் வட ஆப்பிரிக்காவில் முழுமையாகத் தயாரானவை 8: காலாட்படை 5, கவச டிவிஷன் 3.

மீதி மூன்று ஏன் வரவில்லை என்பதுதான் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம். துப்பாக்கி பற்றாமல் போகவில்லை. பழுது பார்க்கும் மெக்கானிக், வயர்லெஸ் இயக்குபவர், லாரி ஓட்டுநர், ஆஸ்பத்திரி ஊழியர், கிடங்குக் கணக்கர் ஆகியோர் பற்றவில்லை. அமெரிக்க முறையில் ஒரு டிவிஷன் சண்டை போட வேண்டுமானால் அதன் முதுகுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் சண்டை போடாமல் வேலை செய்ய வேண்டும். பிரெஞ்சுத் தளபதிகளோ, கையில் இருக்கும் ஆள் எல்லோரும் முன்வரிசைக்கு வரட்டும், பின்வேலையை அமெரிக்கர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விரும்பினார்கள். கௌரவத்துக்குச் சண்டையில் பெயர் வேண்டும் அல்லவா. அமெரிக்கர்கள் மறுத்தார்கள். உங்கள் டாங்கியை நாங்கள் ரிப்பேர் செய்துகொண்டே இருந்தால் அது உங்கள் படை இல்லை, எங்கள் படையின் ஒரு துண்டு என்பது அவர்கள் வாதம். கடைசியில் டிவிஷன் எண்ணிக்கையைக் குறைத்து, அந்த ஆட்களைப் பராமரிப்புப் பிரிவுகளுக்கு மாற்றித்தான் எட்டும் நின்றன.

எட்டும் நன்றாகவே சண்டையிட்டன. 1944 மே மாதம் இத்தாலியில் காரில்யானோ ஆற்றுப் பக்கம், வண்டி போக முடியாத மலை வழியாகப் பிரெஞ்சு ஜெனரல் ஜுவானின் படை உடைத்துக்கொண்டு போனது. ஆகஸ்ட் 15-இல் தெற்கு பிரான்ஸில் இறங்கிய படை மாத முடிவுக்குள் தூலோன், மார்சேய் இரண்டு துறைமுகங்களையும் மீட்டது. லெக்லேரின் 2-ஆவது கவச டிவிஷன் ஆகஸ்ட் 25-இல் பாரிஸில் ஜெர்மானியத் தளபதியின் சரணடைவைப் பெற்றது.

அடுத்த சிக்கல் உள்நாட்டில் எழுந்தது. தலைமறைவுப் போராளிகளில் சுமார் 1,37,000 பேர் டி லாத்ரின் முதலாம் ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவர் கையில் பாராசூட்டில் வந்த ஸ்டென், அதற்கு 9 மி.மீ. தோட்டா. அடுத்தவர் கையில் ஜெர்மானியனிடம் பிடித்த மௌசர், அதற்கு 7.92. பழைய பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு 7.5. பிரிட்டிஷ் ரைஃபிளுக்கு 7.7. அமெரிக்க ரைஃபிளுக்கு 7.62. ஒரே கம்பெனிக்கு ஐந்து வகைத் தோட்டா அனுப்ப எந்தக் கிடங்காலும் முடியாது. சண்டை நடுவே பெட்டி மாறிப் போனால் ஆள் சாவான். அதனால் போராளிக் குழுக்களைக் குழுக்களாகவே விடாமல், ஏற்கெனவே அமெரிக்கத் தளவாடம் பெற்றிருந்த ரெஜிமெண்டுகளுக்குள் கலந்தார்கள். அரசியலுக்கும் அது உதவியது, தனித்தனித் தலைவனுக்குக் கீழே தனித்தனிப் படை என்ற நிலை தவிர்ந்தது. 1944 இறுதியில் இன்னும் எட்டு டிவிஷன்களுக்குத் தளவாடம் தரும் திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. அது ஏன் பாதியில் நின்றது என்பது கீழே ஸ்டுட்கார்ட் பற்றிய பதிலில் வருகிறது.

கே: அந்த எட்டு டிவிஷன்களில் பிரெஞ்சுக்காரர்கள் எத்தனை பேர்? ஆப்பிரிக்கர்கள்தான் அதிகம் என்று கேள்விப்பட்டேன். (திருச்சி மாணவி)

ப: காலாட்படையில் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, செனகல் பக்கத்து வீரர்கள் பெரும் பங்கு. 1944 இலையுதிர் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கானோரை முன்வரிசையிலிருந்து விலக்கி, அவர்கள் இடத்தில் வெள்ளைப் போராளிகளை நிறுத்தினார்கள். குளிர் தாங்காது என்று காரணம் சொன்னார்கள். வெற்றி ஊர்வலத்தில் யார் முகம் தெரிய வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. சில இடங்களில் விலக்கப்பட்டவர்களின் மேல்கோட்டும் பூட்ஸும் துப்பாக்கியும் வருகிறவர்களுக்கு அப்படியே கைமாறின, ஏனென்றால் இரண்டாவது செட் இல்லை. ஜெர்மானியரிடம் போர்க்கைதிகளாக இருந்து ஊர் திரும்பிய மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய பாக்கிச் சம்பளத்தைக் கேட்டபோது, 1944 டிசம்பர் 1-இல் டாக்கர் அருகே தியாரோய் முகாமில் பிரெஞ்சு ராணுவமே அவர்களைச் சுட்டது. பிரான்ஸின் மீட்சியை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

கே: பிரெஞ்சு மண்டலத்தின் வரைபடம் மணல் கடிகாரம் போல நடுவில் ஒடுங்கி இருக்கிறதே, ஏன்? (புவியியல் ஆசிரியர், ஈரோடு)

ப: வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஜெர்மனியை மூன்றாகப் பிரிக்கும் ஒப்பந்தம் 1944 செப்டம்பர் 12-இலேயே லண்டனில் கையெழுத்தாகிவிட்டது. தயாரித்தது ஐரோப்பிய ஆலோசனைக் குழு. அதில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் மட்டுமே இருந்தன. பிரான்ஸை அந்தக் குழுவில் சேரும்படி அழைத்தது நவம்பர் 11-இல். ஆகவே பிரான்ஸுக்கு நிலம் தருவதென்றால் முடிந்துபோன பாகப் பத்திரத்தைத் திரும்பப் பிரித்து எழுத வேண்டும். ரஷ்யப் பங்கைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. மீதி இருவரும் தங்கள் பங்கில் எதை விடலாம் என்று பார்த்தார்கள்.

பிரிட்டன் கையில் ரூர் இருந்தது. நிலக்கரியும் எஃகும் அங்கே. அதை விடவில்லை. பிரான்ஸ் ஆசைப்பட்ட கொலோன் நகரையும் தரவில்லை. அதற்குத் தெற்கே கோப்லென்ஸ், ட்ரியர் வட்டாரங்கள், பாலட்டினேட், சார் ஆகியவற்றைக் கொடுத்தது. வரைபடத்தின் மேல் முக்கோணம் இது.

அமெரிக்கா பாடன், வுர்ட்டம்பெர்க் மாநிலங்களைத் தரலாம். ஆனால் அங்கே ஒரு சாலை குறுக்கே நின்றது: கார்ல்ஸ்ரூவிலிருந்து ஸ்டுட்கார்ட், உல்ம் வழியாக மியூனிக் போகும் ஆட்டோபான். பிராங்க்பர்ட்டுக்கும் பவேரியாவுக்கும் இடையே அமெரிக்க ராணுவ லாரிகள் போக அதுதான் உயிர்நாடி. ஆகவே அந்தச் சாலை எந்தெந்தத் தாலுகாக்கள் வழியாகப் போகிறதோ அத்தனையும் அமெரிக்காவுக்கு, அதற்குத் தெற்கே இருப்பவை பிரான்ஸுக்கு என்று கோடு விழுந்தது. நூற்றாண்டுக்கு மேல் முழுதாக இருந்த இரண்டு மாநிலங்களும் ஒரு நெடுஞ்சாலைக்காக ஒவ்வொன்றும் இரண்டாயின. ஸ்டுட்கார்ட் அமெரிக்கருக்கு, ட்யூபிங்கன் பிரெஞ்சுக்காரருக்கு. கார்ல்ஸ்ரூ அமெரிக்கருக்கு, ஃப்ரைபர்க் பிரெஞ்சுக்காரருக்கு. இது கீழ் முக்கோணம். இரண்டும் ரைன் கரையில் கார்ல்ஸ்ரூவுக்கு அருகே முனையோடு முனை சந்திக்கின்றன. உங்கள் மணல் கடிகாரத்தின் இடுப்பு அதுதான்.

இன்னும் இரண்டு சின்னத் துண்டுகளையும் கவனியுங்கள். பவேரியாவின் தென்மேற்கு மூலையில் லிண்டாவ். பிரான்ஸுக்கு ஆஸ்திரியாவில் டைரோல், ஃபோரார்ல்பெர்க் பகுதிகள் கிடைத்தன. அங்கே போக வேறொருவர் மண்டலத்தில் அனுமதி கேட்டு நிற்காமல் இருக்க இந்த வாசல். இரண்டாவது மைன்ஸ் நகரம். எல்லை ரைன் ஆறு என்று முடிவானதால் நகரத்தின் மேற்குக் கரை பிரெஞ்சு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அதே நகரத்தின் பேட்டைகள் அமெரிக்கம். காஸ்டல், கோஸ்ட்ஹைம், ஆமனபுர்க் மூன்றும் அன்றைக்கு வீஸ்பாடனோடு சேர்ந்தவை, இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன.

மொத்தம் சுமார் 43,000 சதுர கிலோமீட்டர், சுமார் 60 லட்சம் மக்கள். நால்வரில் மிகச் சிறிய பங்கு. தலைமையகம் பாடன்-பாடன், தலைமைத் தளபதி ஜெனரல் கோனிக். பெரிய நகரம் எதுவும் சேராத மண்டலத்தில், குண்டுவீச்சில் அழியாத ஹோட்டல்கள் நிறைந்த ஒரு குளியல் ஊர்தான் அலுவலகம் வைக்கத் தோதாக இருந்தது. பெர்லினிலும் ரஷ்யா ஒரு தெருவும் தரவில்லை. பிரிட்டன் தன் பகுதியிலிருந்து ரைனிக்கன்டார்ஃப், வெடிங் இரண்டையும் பிரித்துக் கொடுத்தது.

கே: பிரெஞ்சுப் படையும் அமெரிக்கப் படையும் ஸ்டுட்கார்ட்டுக்காக மோதிக்கொண்டன என்கிறார்களே? (கோவை வாசகர்)

ப: சுட்டுக்கொள்ளவில்லை, மற்றபடி நெருங்கிவிட்டார்கள். யால்டா மண்டலம் தரும் என்றதே தவிர எது என்று சொல்லவில்லை. கோடு போடாத நிலத்தில் படை எங்கே நிற்கிறதோ அதுவே பேரத்தில் பலம் என்று டி கோல் கருதினார். 1945 மார்ச் இறுதியில், அமெரிக்கர் சம்மதிக்காவிட்டாலும், படகில் போக நேர்ந்தாலும் ரைனைக் கடந்தே ஆக வேண்டும் என்று டி லாத்ருக்குத் தந்தி அடித்தார். மார்ச் 31 விடியும் முன் ஸ்பையர் அருகே கடந்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு ரப்பர் படகு. பத்துப் பத்துப் பேராக அக்கரை போனார்கள். அந்தப் பத்துப் பேர்தான் பின்னால் வரைபடமாக மாறினார்கள்.

ஏப்ரல் 21-இல் பிரெஞ்சுப் படை ஸ்டுட்கார்ட்டில் நுழைந்தது. போர்த்திட்டப்படி அது அமெரிக்க 7-ஆவது ராணுவத்தின் பாதை. காலி செய்யச் சொல்லி டி லாத்ருக்கு மேலிருந்த அமெரிக்கத் தளபதி டெவர்ஸ் உத்தரவிட்டார். மண்டலத்தின் எல்லை முடிவாகும் வரை நகரக் கூடாது என்று டி கோல் உத்தரவிட்டார். ராணுவச் சங்கிலியில் டி லாத்ர் அமெரிக்கருக்குக் கீழே, அரசியலில் பாரிஸுக்குக் கீழே. கூட்டுப்படையில் கடன் வாங்கிச் சேரும் எந்த ராணுவத்துக்கும் இந்த இரட்டை உத்தரவு காத்திருக்கிறது.

அமெரிக்கரின் அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே பகுதியில் ஹைகர்லோக் என்ற சிற்றூரின் பாறைக்குடைவில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் அணு உலைச் சோதனை வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் சிறப்புக் குழு பிரெஞ்சுப் படையை முந்திக்கொண்டு அங்கே போய் யுரேனியத்தையும் கனநீரையும் அள்ளிச் சென்றது.

ஜூன் தொடக்கத்தில் இத்தாலிய எல்லையில் ஆஸ்டா பள்ளத்தாக்கை விட்டுப் போக மறுத்து ஒரு பிரெஞ்சுத் தளபதி அமெரிக்கருக்கு மிரட்டல் கடிதமே எழுதிவிட்டார். ரூஸ்வெல்ட்டுக்குப் பின் அமெரிக்க அதிபரான ட்ரூமன் பொறுக்கவில்லை. உணவு தவிர வேறு தளவாடம் எதுவும் பிரெஞ்சுப் படைக்குத் தரக்கூடாது என்று நிறுத்தினார். மேலே சொன்ன இரண்டாவது எட்டு டிவிஷன் திட்டம் இப்படித்தான் முடங்கியது. பிரெஞ்சுப் படை ஆஸ்டாவையும் விட்டது, ஜூலையில் ஸ்டுட்கார்ட்டையும் விட்டது. பிடிவாதம் மண்டலத்தை விரைவுபடுத்தியது என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எங்கள் கணிப்பில் ஸ்டுட்கார்ட் கொடுத்ததைவிட ஆஸ்டா கெடுத்தது அதிகம்.

கே: நாற்காலி கிடைத்ததும் பிரான்ஸ் அமெரிக்காவுக்கே முட்டுக்கட்டை போட்டதாகப் படித்தேன். நன்றி இல்லையா? (விருதுநகர் வாசகர்)

ப: நன்றி என்று பார்த்தால் புரியாது, சட்ட அமைப்பைப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் கவுன்சிலில் எந்த முடிவுக்கும் நால்வரும் சம்மதிக்க வேண்டும். ஜெர்மனிக்குப் பொதுவாக ரயில், போக்குவரத்து, நிதி போன்ற மத்தியத் துறைகள் அமைப்பதென்று 1945 ஜூலை – ஆகஸ்டில் போட்ஸ்டாம் மாநாட்டில் மூவர் ஒப்புக்கொண்டார்கள். போட்ஸ்டாமுக்கும் பிரான்ஸை அழைக்கவில்லை. எனவே அங்கே செய்த ஒப்பந்தம் எங்களைக் கட்டாது என்று பிரான்ஸ் சொன்னது, சட்டப்படி சரியாகவே சொன்னது. ரூரும் ரைன்லாந்தும் ஜெர்மனியிலிருந்து பிரிக்கப்படும் என்று உறுதியாகும் வரை மத்தியத் துறை எதற்கும் சம்மதமில்லை என்று 1945 இலையுதிர் காலம் முழுக்க வீட்டோ செய்தது. எழுபது வருடத்துக்குள் மூன்று முறை ஜெர்மானியப் படையெடுப்பைப் பார்த்த நாட்டின் அச்சம் அது.

பிழை அமைப்பை உருவாக்கியவர்களுடையது. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அழைக்காமல், நிறைவேற்றும் கூட்டத்தில் மட்டும் வீட்டோ கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

ஆஸ்திரியாவில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். 1946 ஜூன் 28 ஒப்பந்தப்படி ஆஸ்திரியப் பாராளுமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டத்தை நிறுத்த வேண்டுமானால் நால்வரும் ஒன்றாக எதிர்க்க வேண்டும். 31 நாளுக்குள் அப்படி எதிர்க்காவிட்டால் சட்டம் நடைமுறைக்கு வந்துவிடும். அரசியல் சாசனச் சட்டங்களுக்கு மட்டும் முன் அனுமதி வேண்டும். வீட்டோவைத் தலைகீழாகத் திருப்பிய இந்த ஒரு விதிதான் ஆஸ்திரியா இரண்டாகாமல் 1955 வரை தாங்கியதற்குப் பெரிய காரணம்.

கே: அந்த மண்டலத்தில் வாழ்ந்த சாதாரண ஜெர்மானியருக்கு எப்படி இருந்தது? (நாகர்கோவில் வாசகி)

ப: கஷ்டமாக இருந்தது. படை நுழைந்த நாட்களில் ஃப்ராய்டன்ஸ்டாட், ஸ்டுட்கார்ட் போன்ற ஊர்களில் பெண்கள் மீது வன்முறை நடந்தது, வீடுகள் எரிந்தன. அதை மறைக்கத் தேவையில்லை. பின்னர் வந்தது பசி. அமெரிக்கர்கள் தங்கள் படைக்கு வேண்டிய உணவைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பிரான்ஸிலேயே ரொட்டிக்கு ரேஷன். ஆகவே பிரெஞ்சுப் படையும், குடும்பத்தோடு வந்த அதிகாரிகளும் அந்த மண்ணிலிருந்தே சாப்பிட்டார்கள். அந்த மண்ணில் திராட்சையும் புகையிலையும் காடும் உண்டு, தானியம் குறைவு. 1947-இல் சில நகரங்களில் ஒருவருக்கு நாளுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. இழப்பீடாகக் கருங்காட்டு மரங்களை வெட்டி ரயிலில் ஏற்றினார்கள். மொட்டையான மலைச்சரிவுகளை ஊரார் 'பிரெஞ்சு வெட்டு' என்றே அழைத்தார்கள். வலுவில்லாத நாட்டிடம் ஆக்கிரமிப்புப் பொறுப்பைக் கொடுக்கும்போது சாப்பாட்டுச் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே எழுதாவிட்டால், அதை ஏற்பவர் அந்த ஊர்க்காரர்தான்.

அதே நிர்வாகம் கல்வியில் அக்கறை காட்டியதையும் சொல்ல வேண்டும். 1946 மே மாதம் மைன்ஸ் பல்கலைக்கழகத்தைத் திரும்பத் திறந்தார்கள், நெடுங்காலம் மூடிக்கிடந்தது அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் கோனிக்கின் ஓர் ஆணையால் பிறந்த ரைன்லாந்து-பாலட்டினேட் மாநிலம் இன்றும் இருக்கிறது.

கே: எங்கள் ஊரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்தோசீனாவில் பிரான்ஸைத் திரும்ப அமர்த்தியதில் இந்தியப் படைக்குப் பங்கு உண்டா? (காரைக்கால் வாசகர்)

ப: உண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் 1940 செப்டம்பரிலேயே ஆளுநர் போன்வேனின் முடிவால் டி கோல் பக்கம் சேர்ந்தவை. இந்தோசீனா அப்படி இல்லை, அது விஷி நிர்வாகத்தில் ஜப்பானியரோடு ஒத்துப்போனது. போட்ஸ்டாம் முடிவின்படி 16-ஆவது அட்சக்கோட்டுக்குத் தெற்கே ஜப்பானியப் படையைச் சரணடையச் செய்யும் வேலை பிரிட்டனுக்கு. 1945 செப்டம்பரில் ஜெனரல் கிரேசி 20-ஆவது இந்திய டிவிஷனோடு சைகோன் வந்தார். ஜப்பானியர் சிறையிலிருந்த பிரெஞ்சு வீரர்களுக்குத் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. செப்டம்பர் 23-இல் அவர்கள் வியட்நாம் விடுதலை இயக்கமான வியட்மின்னிடமிருந்து நகர அலுவலகங்களைப் பிடித்தார்கள். கலவரம் வெடித்ததும், ஆயுதம் களைய வந்த அதே ஜப்பானியப் படையைக் காவலுக்கும் சண்டைக்கும் பயன்படுத்தினார்கள். அக்டோபரில் லெக்லேர் வந்து பொறுப்பேற்றார். இந்திய வீரர்களை இதற்குப் பயன்படுத்தியதை நேரு கடுமையாகக் கண்டித்தார்.

ஜெர்மனியில் ஒரு நாட்டை அதன் இடத்தில் உட்கார வைத்தார்கள். சைகோனில் அந்த நாட்டை அடுத்தவர் இடத்தில் உட்கார வைத்தார்கள். 1954 வரை நீண்ட போர் அங்கிருந்து தொடங்கியது.

கே: கடைசியாக ஒன்று. பிரான்ஸைச் சேர்த்ததால் மேற்கு நாடுகளுக்கு என்றைக்காவது லாபம் வந்ததா? (சென்னை வாசகர்)

ப: வந்தது, எதிர்பாராத இடத்தில். 1948 ஜூனில் ரஷ்யா மேற்கு பெர்லினின் தரைவழியை அடைத்தது. விமானத்தில் உணவும் நிலக்கரியும் கொண்டுவந்தார்கள். பிரான்ஸின் போக்குவரத்து விமானங்கள் இந்தோசீனாவில் மாட்டிக்கொண்டிருந்தன, தர முடிந்தது சில பழைய ஜங்கர்ஸ் மட்டும். ஆனால் இருந்த இரண்டு விமான நிலையங்கள் போதவில்லை, மூன்றாவதுக்கு இடம் இருந்தது பிரெஞ்சுப் பகுதியில், டேகலில்.

ஆகஸ்டில் வேலை தொடங்கியது. புல்டோசர் விமானத்துக்குள் நுழையாது. பெரிய இயந்திரங்களை வாயுச் சுடரால் துண்டு துண்டாக அறுத்து ஏற்றி, பெர்லினில் இறக்கித் திரும்ப வெல்டிங் செய்தார்கள். ஓடுதளத்துக்கு ஜல்லி, குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல். ஆயிரக்கணக்கான பெர்லின்வாசிகள், அவர்களில் ஏராளமான பெண்கள், ஷிப்ட் போட்டு உடைத்துப் பரப்பினார்கள். 2,428 மீட்டர் ஓடுதளத்தில் நவம்பர் 5-இல் முதல் விமானம் இறங்கியது.

ஒரு சிக்கல் மீதி இருந்தது. விமானம் இறங்கும் பாதையில் ரஷ்யர் கையிலிருந்த பெர்லின் வானொலியின் கோபுரங்கள். அகற்றச் சொல்லி பிரெஞ்சுத் தளபதி கனவால் கேட்டார், பதில் இல்லை. டிசம்பர் 16 காலையில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் கோபுரத்தின் அடியில் வெடி வைத்துச் சாய்த்தார்கள். அன்றிலிருந்து டேகலுக்கு வந்த விமானங்கள் நேராக இறங்கின.